மொர்கோன் பாட்டிலைத் திறந்ததும்

பிரான்ஸின் பொழொலே வட்டாரத்து மொர்கோன், கமே என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின். அதில் இயற்கை ஒயினை (அதிகம் எதுவும் சேர்க்காமல் செய்வது) திறந்ததும் அவித்த முட்டை வாடை வந்தால் உடனே கொட்டிவிடாதீர்கள். காற்றுப் படாமல் அடைபட்டிருந்த கந்தக வாடை அது. குடுவையில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். நாக்கில் சுருக்கென்றால் கரியமில வாயு. ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டுக்குப் பதில் காவலாக வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். ஒரு கிளாஸ் ஊற்றிவிட்டு, பாட்டில் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கி, மெல்லத் திறந்துவிடுங்கள்.

திருத்தவே முடியாத குறை ஒன்று உண்டு: எலி வாடை. மோந்தால் தெரியாது. ஒயினின் புளிப்பில் அடங்கியிருந்து, எச்சில் அந்தப் புளிப்பைக் குறைத்ததும் கிளம்பும். விழுங்கிப் பத்து இருபது நொடி கழித்து, நமுத்துப்போன பொரி மாதிரி. சிலருக்குத் தெரிவதேயில்லை, பாக்கியசாலிகள்! காற்றுப் பட்டால் இன்னும் மோசமாகும்.

13, 14 டிகிரியில் குடிக்க வேண்டும். 20 டிகிரி அறையிலிருந்து எடுத்தால் முதலில் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். சூடேறினால் செர்ரி மணம் மங்கி, ஆல்கஹால்தான் முன்னே வரும். லேபிளில் ‘வேன் மெதோட் நத்யூர்’ என்றிருந்தால் (‘இயற்கை முறை ஒயின்’ என்று 2020இல் வந்த முத்திரை) கையால் பறித்த திராட்சை, இயற்கை ஈஸ்ட், சல்பைட் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள்.