வெட்டாமல் நிற்கும் நொதி

போன வாரம் இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் வகுப்பில், ஈ. கோலை பாக்டீரியாவின் பீட்டா-கேலக்டோசிடேஸின் முப்பரிமாணப் படத்தை, உள்ளே லாக்டோஸோடு, ப்ரொஜெக்டரில் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். பால் சர்க்கரையான லாக்டோஸை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று இரண்டாக வெட்டும் நொதி. முன் பெஞ்சு மாணவி கையைத் தூக்கினாள்: "மேம், இது வெட்டுற நொதிதானே? அப்புறம் எப்படி லாக்டோஸ் முழுசா உள்ள உட்கார்ந்திருக்கு?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கேள்வியிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

இயல்பான நொதி ஒரு நொடிக்குள் பல லாக்டோஸ்களை வெட்டித் தள்ளிவிடும். எக்ஸ்-கதிர் படம் எடுத்து முடிப்பதற்குள் சர்க்கரை இருக்காது. அதனால் நொதியின் கையைக் கட்ட வேண்டும். 1,023 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் 537ஆவது குளூட்டமிக் அமிலம்தான் கேலக்டோஸைத் தாக்கிப் பிடிப்பது. அதை ஆய்வாளர்கள் குளூட்டமின் என்ற இன்னொரு அமினோ அமிலமாக மாற்றினார்கள். ஒரு ஆக்சிஜன் இருந்த இடத்தில் ஒரு நைட்ரஜன், அவ்வளவுதான். உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், தாக்கும் திறன் மட்டும் போய்விடும்.

இந்த நொதியின் முதல் முப்பரிமாணக் கட்டமைப்பை 1994இல் வெளியிட்டது ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பிரையன் மாத்யூஸின் குழு. இப்படி மாற்றிய விகார நொதியோடு லாக்டோஸ் சேர்ந்த படம் 2001இல் வந்தது. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது சர்க்கரை இருக்கும் இடத்தைத்தான். வெட்டு நடக்கும் பள்ளத்தின் அடியில் லாக்டோஸ் இல்லை. வாசலிலேயே, 999ஆவது அமினோ அமிலமான டிரிப்டோஃபான் மேல் சாய்ந்து நிற்கிறது. வினை நடக்கும்போது கேலக்டோஸ் திரும்பி ஆழத்துக்கு இறங்குகிறது, 568ஆவது டிரிப்டோஃபான் பக்கம். வெட்டும் நொதியில் இந்த வாசல் நிலை நம் கண்ணில் படவே படாது.

இன்னொன்றையும் சொன்னேன். வெட்டுப்பட்ட குளுக்கோஸ் சில சமயம் வெளியே போகாமல், பிடிபட்டிருக்கும் கேலக்டோஸோடு வேறு இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி வருவது அல்லோலாக்டோஸ். லாக்டோஸைப் பயன்படுத்தத் தேவையான மரபணுக்களின் தொகுப்பான லாக் ஓபரானை அடைத்து வைத்திருக்கும் அடக்கிப் புரதத்தை விலக்குவது லாக்டோஸ் அல்ல, இதுதான். பால் சர்க்கரை வந்திருக்கிறது என்ற செய்தியை செல்லுக்குச் சொல்வதே இந்த நொதிதான்! அந்த அல்லோலாக்டோஸையும் இதே விகார நொதிக்குள் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

மணி அடித்த பிறகும் அந்தப் பெண் போகவில்லை. அந்தப் படத்தின் கணினிக் கோப்பைக் கேட்டாள். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நேற்று லேபில் பார்த்தபோது, 999ஐப் பச்சையாக்கி வைத்து, 568 எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள்.