போதகராகவா, அதிகாரியாகவா?

"இரண்டும் நான்தானே, தம்பி" என்றுதான் பதில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவனும் நான்தான், அவருடைய திருமணத்தை நடத்தி வைத்தவனும் நான்தான். ஆனால் அதுவரை நாற்காலியில் தளர்ந்து சாய்ந்திருந்தவர், அந்தப் பதிலைக் கேட்டதும் நேர்முகத் தேர்வுக்கு வந்தவரைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் எங்கள் சபையில் ஆராதனை நடத்தும் முழுநேர ஊழியர். பாடல் பட்டியலைப் பற்றிப் பேசத்தான் அன்று என் அறைக்கு வந்தார். நடுவில், "சில மாதங்களாக என்னால் ஜெபிக்க முடியவில்லை, ஐயா. நான் பாடுகிறேன், எதிரே நிற்கிறவர்கள் அழுகிறார்கள், எனக்குள் ஒன்றுமே நடப்பதில்லை" என்றார். "எப்போதிலிருந்து?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "இதைப் போதகராகக் கேட்கிறீர்களா, அதிகாரியாகக் கேட்கிறீர்களா?"

வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். "போதகராக" என்றிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் பாடுவது என்று முடிவு செய்யப்போகிறவன் நான்தான் என்பது இருவருக்கும் தெரியும். "அதிகாரியாக" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. இந்தப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம், ஆளை அடையாளம் காட்டாமல், கேட்டேன். "பதிலில் தவறில்லை. 'எப்போதிலிருந்து' என்று கேட்டதுதான் கோளாறு. அது வைத்தியர் கேட்கிற கேள்வி. விசாரணை அதிகாரியும் அதையேதான் கேட்பார்" என்றார். அது புத்திசாலித்தனமான பேச்சாகத்தான் தோன்றியது. வாய் திறந்து துக்கத்தைச் சொல்கிறவரிடம் எப்போதிலிருந்து என்று கேட்காத போதகர் யார்?

சபையில் வேலை பார்ப்பதன் சிக்கலே இதுதான். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவருக்கு ஜெபம் வரவில்லை என்றால் அது மேலாளருக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. இங்கே ஓர் ஊழியர் தம் உள்ளத்தைத் திறந்து சொன்னால், அது அதே நேரத்தில் அவருடைய வேலையைப் பற்றிய தகவலாகவும் ஆகிவிடுகிறது. ஒரு காதால் ஆறுதல் சொல்லக் கேட்கிறேன், மறு காதால் ஆராதனை ஒழுங்கைப் பற்றிக் கேட்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஞாயிறு காலையில் போய் உட்கார அவர்களுக்கு வேறு சபையும் இல்லை. வேலையிடமும் சபையும் ஒன்று, மேலதிகாரியும் மேய்ப்பனும் ஒருவர். நாங்கள் இதைக் குடும்பம் என்று சொல்லிக்கொள்கிறோம். குடும்பத்தில் யாரும் யாருக்கும் பணிநீக்கக் கடிதம் கொடுப்பதில்லை.

அன்று நான் எடுத்த முடிவு இது: சில வாரங்கள் அவர் மேடை ஏற வேண்டாம், முழுச் சம்பளத்தோடு ஓய்வெடுக்கட்டும். சபையை நிர்வகிக்கும் மூப்பர்களிடம் "களைத்துப் போயிருக்கிறார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் துருவித் துருவிக் கேட்டபோதும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இன்றும் மனநிறைவு உண்டு. வேதத்தைக் காட்டியும் அவருக்கு விளக்கினேன். முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு எழுப்புகிறான், அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார், அவன் இரண்டாவது முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். உபதேசமெல்லாம் பிறகுதான். "உங்களுக்கும் முதலில் தூக்கம்தான் வேண்டும், தம்பி" என்றேன். நல்ல விளக்கம் என்றே நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதே அதிகாரத்தில்தானே, ஐயா, எலியாவின் இடத்துக்கு எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம் பண்ணத் தேவன் சொல்கிறார்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை. 16ஆம் வசனம். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஆனால் சூரைச்செடியையும், பிறகு தேவன் எலியாவோடு பேசிய மெல்லிய சத்தத்தையும் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வசனத்துக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். "அது தண்டனை அல்ல, எலியாவுக்குத் துணையாகத்தான் எலிசா வருகிறார்" என்று சொன்னேன். எலிசா அவர் பின்னே சென்று அவருக்கு ஊழியம் செய்தான் என்றுதான் அந்த அதிகாரமும் முடிகிறது. என் வாதம் சரி. ஆனால், இடத்துக்கு வேறு ஆள் வரப்போகிறார் என்று பயந்து உட்கார்ந்திருப்பவரிடம் வியாக்கியானத்தில் ஜெயிப்பதால் என்ன கிடைக்கும்?

ஓய்வு அறிவித்த முதல் ஞாயிறே கேள்விகள் வந்தன. "தம்பியைக் காணோமே?" "ஓய்வில் இருக்கிறார்." இந்த இரண்டு சொற்களைச் சபையார் எத்தனை விதமாகக் கேட்க முடியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலர் நோய் என்றார்கள், சிலர் எனக்கும் அவருக்கும் மனத்தாங்கல் என்றார்கள், சிலர் ஒன்றும் கேட்காமல் அவர் மனைவியைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். நான் கொடுத்த ஓய்வை விளக்கி, இந்தப் பேச்சுகளை மறுக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

இதில் என்னை விடாமல் அரிப்பது வேறு ஒன்று. இதையே ஆலயத்தைச் சுத்தம் செய்கிறவர் வந்து சொல்லியிருந்தால், தோளில் கைவைத்து ஜெபித்து அனுப்பியிருப்பேன். நாற்காலிகளை வரிசையாகப் போடாதே, ஓய்வெடு என்று சொல்லியிருக்க மாட்டேன். பாடுகிறவர் முன்னால் நிற்பதால் அவருக்கு ஒரு சட்டம். அப்படியானால் எனக்கு? உள்ளே வறண்டுகிடந்த காலங்களில் நானும் பிரசங்கித்திருக்கிறேன். அந்த நாட்களின் பிரசங்கங்களைச் சிலர் இன்றும் நினைவுகூர்ந்து நன்றி சொல்கிறார்கள். யாரும் என்னை இறங்கி உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேனா, அழுதிருப்பேனா? ஒருவேளை எனக்குக் கிடைக்காத ஓய்வைத்தான் அவருக்குக் கொடுத்தேனோ என்னவோ. அவர் கேட்டது ஓய்வு அல்ல. அவர் எதையும் கேட்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. உள்ளே ஒன்றும் இல்லாமல் சபையை ஆராதனையில் நடத்துகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகும், "பரவாயில்லை, பாடுங்கள்" என்று விட்டுவிடும் போதகர், அவரைக் கருவியாக மட்டும் பார்க்கிறார் என்று நாளை யாராவது சொல்ல மாட்டார்களா? ஆள் விழுந்த பிறகு, "அவர் சொன்னார், போதகர் கண்டுகொள்ளவில்லை" என்ற பேச்சை வேறு இடங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அதன் பிறகு எங்களிடம் ஓர் ஏற்பாடு வந்தது. முழுநேர ஊழியர் எல்லோரும், நான் உட்பட, முறைவைத்து ஒரு ஞாயிறு விடுப்பு எடுக்க வேண்டும். சபை ஊழியருக்கு ஞாயிறுதான் கடுமையான வேலை நாள் என்பது வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. வாரநாளில் விடுப்பு கொடுத்தாலும், வேறு ஒருவர் நடத்தும் ஆராதனையில் சும்மா உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு அவர்களுக்கு வருவதே இல்லை. வேதத்தின் உபாகமப் புத்தகத்தில் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அவர்கள் சோர்ந்து விழும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் முறைப்படி வருகிற ஓய்வு யாரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவதில்லை. இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். மூப்பர்களில் ஒருவர் இன்னமும் என் விடுப்பு ஞாயிறுகளைக் கணக்கெடுத்து வருகிறார், அது வேறு கதை.

இன்னொன்றும் செய்கிறோம். புதிதாகச் சேருகிறவர்களிடம், உள்ளத்தின் காரியங்களைப் பேச, எங்கள் சபைக்கு வெளியே ஒரு போதகரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன். உங்கள் சம்பளத்தில் கையெழுத்துப் போடாத ஒருவர் வேண்டும், அவர் என்னிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்கிறேன். இது சரியான ஒழுங்கு என்று நம்புகிறேன். அப்படி ஒருவர் போய்விட்டு வந்தார் என்று தெரிந்த அன்று முழுவதும் மனம் சரியில்லாமல் இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் ஆடு வேறு மேய்ப்பனிடம் போனது போன்ற பொறாமைதான்.

ஆராதனை நடத்துகிறவர் ஓய்வு முடிந்து திரும்பி வந்துவிட்டார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பட்டியல் நேரத்துக்கு வருகிறது, ஒத்திகை ஒழுங்காக நடக்கிறது. "எப்படி இருக்கிறீர்கள், தம்பி?" என்றால் "நன்றாக இருக்கிறேன், ஐயா" என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் அதற்குமேல் கேட்பதில்லை. அதை மரியாதை என்று சில நாள் நினைக்கிறேன், பயம் என்று சில நாள்.

இப்போது ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் மூப்பர் கூட்டத்துக்கு வருகிறது. அதில் "ஆவிக்குரிய வளர்ச்சி" என்று ஒரு கட்டம் உண்டு, அதை நிரப்ப வேண்டியவன் நான். அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம் என்று போன கூட்டத்தில் சொன்னேன். "அப்படியானால் நமக்கும் ஒரு கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கட்டம் இருந்தால் ஊழியர்கள் எல்லோரும் அதில் நன்றாக இருக்கிறேன் என்றுதான் காட்டுவார்கள். எடுத்துவிட்டால், அவர்களுடைய ஆத்துமாவைப் பற்றிச் சபை கேட்கும் ஒரே கேள்வியும் போய்விடும். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.