கேம் பாத்திரங்களை டாரட் சீட்டாக வரைவது: பொருளில் தொடங்கி அச்சுவரை

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் கேம் ஆடுகிற பிள்ளைகளில் வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். டேப்லெட் இல்லாதவர்கள் போனிலேயே விரலால் வரைகிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் டாரட் ஆசை, அதாவது குறி சொல்லப் பயன்படும் படச்சீட்டுகளை வரையும் ஆசை, வருகிறது. நல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலான படங்கள் ஒரே வார்ப்பாக இருக்கின்றன: சுற்றிலும் பொன்னிறச் சட்டம், மேலே ரோமன் எண், கீழே பெயர்ப்பட்டை, நடுவில் ஆயுதத்தோடு நாயகன். சட்டத்தை விரலால் மறைத்துப் பாருங்கள், மிஞ்சுவது வழக்கமான போஸ்டர். டாரட் சீட்டில் நாய், பூ, மலை என்று எதுவும் சும்மா நிற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலையை உங்கள் கேமில் யார் செய்கிறார்கள், எது செய்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் கோடு போட ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் எந்தச் சீட்டுக்கட்டை அடிப்படையாக வைப்பது என்று முடிவு செய்யுங்கள். முழுக்கட்டில் 78 சீட்டு. பெரிய அர்கானா (முட்டாள், நீதி போன்ற தனிப்பெயர்ச் சீட்டுகள்) 22, சிறிய அர்கானா (எண் சீட்டுகளும் அரசன், அரசி போன்றவையும்) 56. சிறியதில் கோல், கிண்ணம், வாள், காசு என நான்கு இனம், இனத்துக்கு 14. இன்று டாரட் என்றதும் மனதில் வருகிற உருவங்கள் பெரும்பாலும் 1909-இல் லண்டனில் வெளியான கட்டிலிருந்து வந்தவை. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அதைவிடப் பழைய மார்செய் கட்டு மரக்கட்டை அச்சில் வந்தது. தடித்த கோடு, நாலைந்து நிறம். எண் சீட்டுகளில் ஐந்து கிண்ணம் என்றால் ஐந்து கிண்ணமும் அலங்காரமும் மட்டுமே இருக்கும், காட்சி கிடையாது. ஸ்மித் 56-க்கும் காட்சி வரைந்தார். கதை நிறைந்த கேமுக்கு அவர் வழி பொருந்தும். பழைய பிக்சல் கேமுக்கு மார்செய் பாணியே அழகு.

இரண்டையும் கலக்கும்போது ஒரு பிசகு அடிக்கடி நடக்கிறது. மார்செய் வரிசையில் நீதி 8, வலிமை 11. வெய்ட் அவற்றை இடம் மாற்றி வலிமையை 8, நீதியை 11 ஆக்கினார். பெர்சோனா 3 (2006) பழைய வரிசையில்தான் போகிறது. அந்தக் கேமுக்கு ரசிகர் கட்டு வரைந்து வெய்ட் எண்களைப் போட்டால், கேமைத் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் தவறுதான்.

உரிமை பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்மித் 1951-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆனதால், 2012 முதல் அவருடைய அந்தப் படங்கள் இங்கே பொதுச்சொத்து. 1909-இன் மூலப் படங்களையே பாருங்கள். பின்னாளில் நிறம் மாற்றி வந்த பதிப்புகளை நகலெடுக்காதீர்கள். கேம் பாத்திரங்களோ நிறுவனத்தின் சொத்து. நண்பர்களுக்கு அச்சடிப்பதும் விலை வைத்து விற்பதும் ஒன்றல்ல. விற்பதானால் அந்த நிறுவனம் ரசிகர் படைப்புகளுக்கு என்ன விதி வைத்திருக்கிறது என்று படித்துவிட்டே இறங்குங்கள். கேமின் லோகோவைப் பெட்டியில் போடவே போடாதீர்கள்.

இனி பொருள் பொருத்துதல். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: சீட்டில் இருக்கும் பொருள், அது செய்யும் வேலை, கேமில் அதற்கு ஈடு. 2017-இல் வந்த ஹாலோ நைட் என்ற கேமை எடுத்துக்கொள்வோம். (கதையின் முடிச்சு இனி வெளிப்படும். ஆடாதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போகலாம்.)

முட்டாள் சீட்டில் பள்ளத்தின் விளிம்பில் ஓர் இளைஞன் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறான். தோளில் கோல் நுனியில் மூட்டை, கையில் வெள்ளை ரோஜா, காலடியில் வெள்ளை நாய், பின்னால் வெள்ளைச் சூரியன். ஹாலோ நைட்டில் பள்ளத்துக்குத் தேட வேண்டியதே இல்லை, கேமே மேலிருந்து குதித்து இறங்குவதில்தான் தொடங்குகிறது. தோள்கோலுக்கு நாம் ஆட்டுவிக்கும் சின்னப் பூச்சியின் ஆணி, அதாவது கேமில் நெய்ல் என்று பெயருள்ள வாள். ரோஜா என்பது களங்கமில்லாத ஒன்றைப் பத்திரமாக ஏந்துவது. கேமில் ஒரு துக்கக்காரி கொடுத்தனுப்பும் மென்மையான வெள்ளைப் பூ இருக்கிறது, வழியில் ஒரு அடி பட்டாலும் சிதைந்துவிடும். இதைவிடப் பொருத்தம் அமையாது. நாயின் வேலை எச்சரிப்பது. கேமில் அது ஹார்னெட் என்ற பாத்திரத்தின் வேலை. ஆகவே காலடியில் நாய் வரைய வேண்டாம், பாறைக்குப் பின்னால் ஹார்னெட்டின் சிறு நிழலுருவம் போதும்.

தொங்கும் மனிதன் இன்னும் ஆழமானது. ஸ்மித்தின் படத்தில் அவன் ஒரு காலில் தலைகீழாகத் தொங்குகிறான். மரம் உயிரோடு இலை விட்டிருக்கிறது, முகம் அமைதி, தலையைச் சுற்றி ஒளிவட்டம். தானே ஏற்ற தியாகம் என்பதுதான் பொருள். கருப்பு முட்டைக் கோயிலில் சங்கிலியில் தொங்கும், கேமின் பெயரையே கொண்ட ஹாலோ நைட் என்ற பாத்திரம்தான் ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அதற்கு விருப்பம் என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்றுதான் அதை உருவாக்கினார்கள். தானே ஏற்றதா, ஏற்க வைத்ததா? அந்தக் கேள்வியைப் படத்தில் கொண்டுவர வேண்டும். ஒளிவட்டத்தை, கேமில் பரவும் நோய்த்தொற்றின் ஆரஞ்சு நிறத்தில் போட்டு, அதிலிருந்து ஒரு துளி முகமூடியின் கண்வழி கசிவதாக வரைந்தால் போதும், சீட்டின் அமைதியும் கேமின் வேதனையும் ஒரே இடத்தில் வந்துவிடும்.

இனங்களுக்கும் இதே முறைதான். வாளுக்கு நெய்ல், காசுக்கு கேமின் நாணயமான ஜியோ, கிண்ணத்துக்கு ஆன்மா நிரப்பும் கலம், கோலுக்கு லூமாஃபிளை என்ற ஒளிரும் பூச்சி உள்ள விளக்குக்கம்பம். எட்டு வாள் என்றால் எட்டும் தெரிய வேண்டும். பின்னணியில் இருக்கும் ஒரு கம்பி வாள் மாதிரித் தெரிந்து எண்ணிக்கை ஒன்பதாகிவிடும். வரைந்து முடித்ததும் வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள்.

டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் (2014) செய்த காரியமும் ரசிகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது. அதில் கூட்டாளிகளின் படங்கள் டாரட் பாணியில் இருக்கும், கதை நகர்ந்தால் சிலருடைய படமே மாறும். ஒரே பாத்திரத்துக்கு முன், பின் என இரண்டு சீட்டு வரைய இது நல்ல முன்மாதிரி.

அடுத்து கோடு. ஸ்மித்தின் படங்கள் கருப்பு மைக்கோடும் தட்டையான நிறமும் கொண்டவை. பளபளக்கும் நிழல் படிவு இல்லை. பல சீட்டுகளில் ஆட்கள் மேடைத்தரையில் நிற்பது போல ஒரு கிடைக்கோடு, அதற்குப் பின்னால் தொலைவான காட்சித்திரை. அவர் லண்டன் லைசியம் நாடகக் குழுவோடு பயணம் செய்து வேலை பார்த்தவர், மேடைக் கண் அப்படி வந்தது. அந்தக் கண்ணைப் பழக நமக்கு வேறெங்கும் போக வேண்டாம். வடாற்காட்டுத் தெருக்கூத்து இருக்கிறது. திரையைப் பிடித்தபடி பாத்திரம் நுழைவது, உடல் முழுக்க நேர்முகமாக விரிவது, கிரீடமும் புஜகீர்த்தியும் சேர்ந்து ஆளை இருமடங்காகக் காட்டுவது எல்லாம் அரசன், அரசி சீட்டுகளுக்கு நேராகப் பொருந்தும். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய அந்தக் கட்டைகளின் வடிவத்தை, கேம் பாத்திரத்தின் கவசத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள். தூரத்திலிருந்தே ‘இவன் ராஜா’ என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தவை அவை. சீட்டுக்கும் அதுதான் தேவை.

சட்டத்துக்கு ஐரோப்பியக் கொடி வேலைப்பாட்டையே இறக்க வேண்டியதில்லை. பெண் குரு, ஆண் குரு, நீதி ஆகிய மூன்று சீட்டிலும் உருவம் இரு தூண்களுக்கு நடுவில்தான் அமர்ந்திருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் போய்ப் பாருங்கள். முன்னங்கால் தூக்கிய குதிரைகள், வீரர்கள், யாளிகள். காலையில் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது ஆழம் தெளிவாகத் தெரியும். அங்கேயே உட்கார்ந்து ஸ்கெட்ச் போடுவது நல்லது. ஆனால் அப்படியே சீட்டில் இறக்க முடியாது. 70 மி.மீ. அகலச் சீட்டில் ஒரு தூணுக்கு 8 மி.மீ.தான் கிடைக்கும். யாளிக்குக் கண், திறந்த வாய், பிடரியின் ஒரு வளைவு, தூக்கிய ஒரு கால் போதும். அதற்கு மேல் போட்டால் அச்சில் அழுக்காகத் தெரியும்.

கோப்பு அளவு: வெட்டிய சீட்டு 2.75 × 4.75 அங்குலம். நாலு பக்கமும் அரைக்கால் அங்குலம் பிளீட் (வெட்டி எறியப்படும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 3 × 5 அங்குலம். 600 டிபிஐயில் 1800 × 3000 பிக்சல். எழுத்து, முகம், எண் எல்லாம் வெட்டுக்கோட்டுக்கு உள்ளே இன்னொரு அரைக்கால் அங்குலம் தள்ளி இருக்கட்டும். வெளிக்கோடு 12 பிக்சல், உள்கோடு 6 பிக்சல், அதாவது சுமார் அரை மி.மீ., கால் மி.மீ. அதைவிட மெல்லியது அச்சில் அறுந்து போகும். பலர் சேர்ந்து வரையும் கட்டானால் இந்த எண்களையும் பன்னிரண்டு நிறத்துக்கு மிகாத ஒரு வண்ணத்தட்டையும் ஒரே வெற்றுக் கோப்பில் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். சட்டம், படம், எண், பெயர் நான்கும் தனித்தனி லேயர். சாதாரண போனின் அகலமும் சீட்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். படத்தை போனில் முழு அகலத்துக்கு வைத்து, கையை நீட்டிப் பாருங்கள். யார், என்ன செய்கிறார் என்று புரியவில்லையென்றால் கோட்டைக் குறைக்க வேண்டும்.

பெயரைத் தமிழில் போடுவதானால் பட்டையின் உயரத்தைக் கூட்டுங்கள். ரோமன் பெரிய எழுத்துக்கு 7 மி.மீ. பட்டை போதும். தமிழுக்கு மேலே கொக்கி, கீழே உகரச் சுழி இருப்பதால் 9 மி.மீ. வேண்டும். எழுத்தை இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் அமைத்து, பாதையாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிப் படத்தில் சேர்த்துவிடுங்கள். அச்சகத்தில் கோரல் மென்பொருளில் திறக்கும்போது யூனிகோட் எழுத்துரு இல்லையென்றால் கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் போய்விடும். பாதையாக மாற்றியாயிற்றா என்பதைத்தான் ‘கர்வ்ஸ் பண்ணிட்டீங்களா’ என்று அவர்களே கேட்பார்கள்.

நிறத்தில்தான் ஏமாற்றம் அதிகம். திரையில் ஒளிரும் நீலமும் ஊதாவும் சிஎம்ஒய்கே மையில், அதாவது சியான் (சி), மெஜந்தா (எம்), மஞ்சள் (ஒய்), கருப்பு (கே) என்ற நான்கு அச்சுமையில், கிடைக்காது. கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் சிஎம்ஒய்கே முன்னோட்டம் வைத்துக்கொண்டே வரையுங்கள். கருநீலத்தில் எம் அளவு சி அளவைவிட 30 புள்ளியாவது குறைவாக இருக்க வேண்டும். நெருங்கினால் நீலம் கத்தரிப்பூ நிறமாகிவிடும். பெரிய கருப்புப் பரப்புக்கு சி 60, எம் 40, ஒய் 40, கே 100 வையுங்கள். மெல்லிய கோட்டுக்கும் எழுத்துக்கும் கே 100 மட்டும் போதும், இல்லாவிட்டால் நான்கு மையும் கொஞ்சம் விலகினாலே ஓரம் மங்கிவிடும். பொன்னிறம் மையில் பளபளக்காது. சி 20, எம் 35, ஒய் 85 போல ஒரு காவி மஞ்சளோடு திருப்தி அடையுங்கள். இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகைக்குப் ஃபாயில் ஒட்டுகிறவரிடம் போங்கள். ஃபாயில் வரும் இடத்தைத் தனிக் கோப்பில், முழுக் கருப்பில், அரை மி.மீ.க்குக் குறையாத கோட்டில் கேட்பார்.

டிஜிட்டல் அச்சில் 13 × 19 அங்குலத் தாளில் 12 சீட்டு அமையும். 78 சீட்டுக்கு ஏழு தாள், ஆறு இடம் மிச்சம். அந்த ஆறில் அதிகம் கறைபடும் சீட்டுகளின் மாற்றுப் படியைப் போட்டுவிடுங்கள். வெறும் 22 என்றால் இரண்டு தாளில் முடிந்துவிடும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, இரு பக்கமும் மேட் லேமினேஷன். ஒரு பக்கம் மட்டும் லேமினேட் செய்தால் சீட்டு வளையும். பளபளப்பான கிளாஸ் லேமினேஷன் போட்டால் குலுக்கும்போது ஒட்டிக்கொள்ளும். பின்பக்கப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோல இருக்குமாறு வரையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு மி.மீ. விலகுவது சகஜம். அதனால் பின்பக்கத்தில் ஓரத்தை ஒட்டி மெல்லிய சட்டம் வேண்டாம், அந்த விலகலை அது காட்டிக்கொடுக்கும்.

முழுக் கருப்பு ஓரம் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் வெட்டும் இடத்தில் டோனர் உதிர்ந்து வெள்ளைப் பல் தெரியும். மங்கிய வெண்மை ஓரம் நீடிக்கும். கருப்புதான் வேண்டுமென்றால் லேமினேஷன் முடிந்த பிறகு, புதுக்கத்தியில், சிறு அடுக்காக வெட்டச் சொல்லுங்கள். மூலையை 3 மி.மீ. ஆரத்தில் கார்னர் கட்டிங் செய்ய வேண்டும். வெட்டிய கட்டை ஒருநாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வேலூர் வெயிலுக்கு வந்ததும் சுருளப் பார்க்கும்.

லேமினேஷனோடு 78 சீட்டு ஏறக்குறைய 27 மி.மீ. உயரம் வரும். அடுக்கி அளந்த பிறகே பெட்டியோ பையோ செய்யுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை செய்கிறவர்களைத் தெரிந்தால் மிச்சத்துண்டு கேட்டு வாங்கலாம். ஒரு மி.மீ.க்குள் இருக்கும் மெல்லிய ஆட்டுத்தோலில் 115 × 160 மி.மீ. அளவில் இரண்டு துண்டு, மூன்று பக்கம் 6 மி.மீ. உள்தள்ளித் தைத்தால் கட்டு உள்ளே இறங்கும். தைக்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் தோலின் உட்புறத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அது சீட்டின் ஓரத்திலும் ஏறும். அந்தத் துண்டுக்குள் பருத்தித்துணி உள்தையல் கொடுங்கள், அல்லது வேறு துண்டு எடுங்கள்.