புதிய கூடைப்பந்து நடுவருக்கு முதலில் நிற்கக் கற்றுக்கொடுப்போம்

நடுவர் பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்கள் விதிப்புத்தகத்தை நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்கள். 3 நொடி, 8 நொடி, 24 நொடி என்ற நேர விதிகள் எல்லாம் மனப்பாடம். எழுத்துத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கோர்ட்டில் இறங்கியதும்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. அவர்கள் தவறாக ஊதுவதைக் கூர்ந்து கவனித்தால், விதி தெரியாமல் ஊதியது மிகக் குறைவு. பார்க்காததை ஊதியதுதான் அதிகம். பட்டென்று ஒரு சத்தம் கேட்டது, ஆட்டக்காரர் விழுந்தார், பெஞ்சிலிருந்து கத்தினார்கள், விசில் ஊதியாயிற்று. கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு மட்டுமே தெரிகிற இடத்தில் நிறுத்தினால், பல வருடம் ஊதியவரும் ஊகித்துத்தான் ஊதுவார்.

அதனால் முதல் நாள் பயிற்சியில் விசிலையே கொடுக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறோம். விசில் கையில் இருந்தால் கவனம் முழுவதும் ஊதுவதா வேண்டாமா என்பதிலேயே போய்விடும். கால் எங்கே நிற்கிறது என்ற நினைப்பே வராது.

முதலில் புரிய வேண்டியது இடைவெளி. பந்து வைத்திருப்பவருக்கும் அவரைத் தடுப்பவருக்கும் நடுவில் உள்ள சந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு தென்னை மரங்களில் பின்னது மறைந்துபோகும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கோர்ட்டிலும் அதே கணக்குதான். ஆட்டக்காரர், தடுப்பவர், நடுவர் மூவரும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் எதுவும் தெரியாது. அப்போது புதியவர்கள் முன்னால் ஓடி நெருங்கப் பார்க்கிறார்கள். நெருங்கினால் அதே முதுகு இன்னும் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். பக்கவாட்டில் ஓரடியோ ஈரடியோ வைத்தால் போதும்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்துகாட்டுவது எளிது. ஒருவர் பந்தோடு ரிங்கை நோக்கி டிரைவ் செய்யட்டும், ஒருவர் தடுக்கட்டும். தடுப்பவரிடம் மட்டும் ரகசியமாக, இந்த முறை பந்தைத் தட்டு, அடுத்த முறை முன்கையில் தட்டு என்று சொல்லிவையுங்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் நான்கு பேரை நான்கு பக்கமும் நிறுத்தி, பார்த்ததை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். சத்தம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டில் நின்றவர் சரியாக எழுதியிருப்பார். முதுகுப் பக்கம் நின்றவரின் பதில் ஒருமுறை சரியாக இருக்கும், மறுமுறை தவறாக இருக்கும். பிறகு இடம் மாற்றி நிற்கவைத்தால், முன்பு தவறாக எழுதியவரே இப்போது சரியாக எழுதுவார். பார்வைக் கூர்மையில் எந்தக் குறையும் இல்லை என்பது அவருக்கே விளங்கிவிடும்.

அடுத்தது தூரம். ஆட்டத்திலிருந்து 3 முதல் 6 மீட்டர் என்பது நல்ல அளவு. அதைவிட நெருங்கினால் மார்பும் தோளும் மட்டும் தெரியும். கால் எங்கே ஊன்றியிருக்கிறது, டிராவலா (பந்தைத் தட்டாமல் அதிகமாக அடி வைத்தாரா) இல்லையா என்பது பார்வைக்குள் வராது. அதிகம் விலகினால் கைப்படுவது தெரியாது, ஊதினாலும் யாரும் ஏற்கமாட்டார்கள். முடிவெடுக்கும் நொடியில் கால்கள் நின்றிருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. ஓடிக்கொண்டே பார்த்தால் தலை குலுங்குகிறது, பார்வை நிலைப்பதில்லை. சீக்கிரம் ஓடிப்போய் இடத்தைப் பிடித்து, நின்று, பிறகு பார்க்க வேண்டும்.

மாவட்ட, பள்ளி அளவிலான போட்டிகளில் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு நடுவர் முறையில்தான் தொடங்குகிறார்கள். ஒருவர் ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடான எண்ட்லைனில் நிற்கும் லீட், மற்றவர் பந்துக்குப் பின்னால் வரும் டிரெயில். பத்து ஆட்டக்காரர்களும் இந்த இருவருக்கும் நடுவில் அடைபட்டிருக்க வேண்டும்.

லீட் செய்யும் பெரிய தவறு ரிங்குக்கு நேர் கீழே போய் நிற்பது. ஆட்டம் அங்கேதான் நடக்கிறது என்று கால்கள் தாமாக அங்கே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்திலிருந்து பார்த்தால் தடுப்பவரின் முதுகுதான் தெரியும். அவர் கைகளை நேராக மேலே தூக்கினாரா, முன்னால் சாய்த்தாரா என்பதை அங்கிருந்து சொல்லவே முடியாது. மூன்று புள்ளிக் கோடு எண்ட்லைனைத் தொடும் இடத்துக்கும் போர்டின் பக்கவாட்டு விளிம்புக்கும் நடுவில் ஐந்தரை மீட்டருக்கும் சற்று அதிகமான இடம் இருக்கிறது. லீட் பெரும்பாலும் அதற்குள் நகர்ந்தால் போதும். எண்ட்லைனுக்கு வெளியே சுமார் ஒரு மீட்டர் தள்ளி, உடலை ரிங்கை நோக்கி 45 பாகையில் திருப்பி நின்றால் பெயிண்டும் (ரிங்குக்கு முன்னால் கோடிட்ட செவ்வகப் பகுதி) பக்கத்து மூலையும் ஒரே பார்வையில் அடங்கும். கோட்டை ஒட்டி நின்றால் பார்வை குறுகும், ஆட்டக்காரர் வந்து மோதவும் கூடும்.

பிளாக்கா (தடுப்பவரின் தவறு) சார்ஜா (பந்தோடு வந்து மோதியவரின் தவறு) என்ற கேள்வி வரும்போது இந்த இடம் இன்னும் முக்கியமாகிறது. ரிங்குக்குக் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் வரைந்திருப்பார்கள். தடுப்பவரின் கால் அந்தக் கோட்டைத் தொட்டிருக்கிறதா என்பது முடிவையே மாற்றும். பந்தோடு வருபவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் காலைப் பார்க்க முடியாது. தடுப்பவரை முதலில் பார், அவர் நின்றாரா நகர்ந்தாரா என்று பார், பந்து தானாக உன் பார்வைக்குள் வரும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர் மைதானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரிங்கைத் தாங்கும் அமைப்பு எண்ட்லைனிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பழைய சிமெண்ட் கோர்ட்டுகளில் கம்பம் கோட்டுக்கு மிக அருகிலேயே நிற்பதுண்டு. அதன் பக்கத்தில் பைகள், தண்ணீர் பாட்டில்கள், உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். லீட் நிற்க இடமே இருக்காது. கோர்ட்டுக்குள் நின்று ஊதுவார், அல்லது கம்பத்துக்குப் பின்னால் மறைவார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு எண்ட்லைனையும் நடந்து பார்த்து, அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்வது நடுவரின் வேலைதான். மாலை வெயில் எந்தப் பக்கம் கண்ணில் அடிக்கும் என்பதையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

டிரெயிலின் தவறு வேறு விதமானது, எளிதில் மாட்டிக்கொள்ளாதது. ஷாட் போனதும் நடுக்கோட்டுப் பக்கமே நின்று பந்தை வேடிக்கை பார்ப்பார். அல்லது எதிர் அணி ஓடிவிடும் என்ற பயத்தில் பின்னால் நகர ஆரம்பித்துவிடுவார். ரீபவுண்டில், அதாவது விழாமல் திரும்பும் பந்துக்கான போட்டியில், வெளிப்புறத்திலிருந்து முதுகில் தள்ளுவது அவர் பக்கத்தில்தான் அதிகம் நடக்கிறது. பந்து கையை விட்டதும் ஓரடி ஈரடி உள்ளே வர வேண்டும். எறிந்தவர் பத்திரமாகத் தரையிறங்கும் வரை கண் அவர்மீதே இருக்க வேண்டும்; தாவியவரின் காலடியில் தடுப்பவர் கால் வைத்துவிட்டால் கணுக்கால் பிசகிவிடும். இந்த ஒன்றுக்காகவே டிரெயிலிடம் கண்டிப்பாக இருக்கலாம். பந்து எதிர்ப்பக்கத்துக்குப் போகும்போது பக்கக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்பதும் அவரிடம் அடிக்கடி பார்ப்பதுதான். கோர்ட்டுக்குள் இறங்கி, இடைவெளி தெரிகிற இடம் வரை போயே ஆக வேண்டும்.

பந்து கைமாறியதும் டிரெயில் லீடாகிறார். அப்போது பந்துக்கு முன்பாக எண்ட்லைனைச் சேர வேண்டும். நேர்க்கோட்டில், முகத்தைக் கோர்ட் பக்கம் திருப்பியபடி ஓடுவதே வழி. பின்னோக்கி ஓடினால் வேகம் கிடைக்காது, தடுக்கி விழவும் வாய்ப்புண்டு. வளைந்து உள்ளே ஓடினால் ஆட்டக்காரரின் பாதையை மறிக்க நேரும்.

மூன்று நடுவர் முறையில், லீடுக்கும் டிரெயிலுக்கும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சென்டர் என்ற இடமும் சேர்கிறது. பந்து சென்டர் பக்கம் போனதும் லீட் பெயிண்டைக் கடந்து அந்தப் பக்கம் மாறுவார். கடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு ஓடக் கூடாது. உள்ளே இடித்துக்கொள்பவர்களைப் பார்த்தபடியே விறுவிறுவென நடக்க வேண்டும். கிளம்பும் முன்பே ஷாட்டோ டிரைவோ தொடங்கிவிட்டால் மாற்றத்தைக் கைவிட்டு இருந்த இடத்திலேயே நிற்கலாம்.

பயிற்சி ஆட்டத்தை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்பது நல்ல பலன் தருகிறது. எல்லோரும் அப்படியே நிற்கட்டும். நடுவரிடம், எந்த ஜோடிக்கு நடுவே இடைவெளி தெரிகிறது என்று கேளுங்கள். ஊதிய பிறகு என்ன பார்த்தாய் என்று கேட்டால், விழுந்துட்டான் சார் என்று பதில் வந்தால் அவர் பார்க்கவில்லை என்று பொருள். வலது முன்கையில் பட்டது என்று வந்தால் பார்த்திருக்கிறார். கேலரியின் உயரமான படியில் கைபேசியை வைத்து முழுக் கோர்ட்டும் தெரியும்படி படம் பிடியுங்கள். பிறகு போட்டுப் பார்க்கும்போது ஃபவுல் சரியா தவறா என்ற பேச்சை எடுக்காமல், நடுவரின் கால்களை மட்டும் பாருங்கள். முடிந்தால் நான்காவது குவார்ட்டரிலிருந்து தொடங்குங்கள். களைத்துப்போன லீட் எண்ட்லைனுக்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுவதும், டிரெயில் நடுக்கோட்டைத் தாண்டாமல் இருப்பதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெளிவாகத் தெரியும்.