தெரெசினில் எழுதப்பட்ட இசை

பிராக் நகரின் ஹோலெஷோவிட்சே நிலையத்தில் பேருந்து ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தெரெசினை அடையலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் தம் தாயார் மரியா தெரேசாவின் பெயரில் எழுப்பிய இந்தக் கோட்டை நகரத்தை, 1941 நவம்பரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோவாக மாற்றினர். இங்கே கொண்டுவரப்பட்டவர்கள் 1,40,000-க்கும் மேல். பசியாலும் நோயாலும் இங்கேயே மாண்டவர்கள் சுமார் 33,000 பேர். விக்டர் உல்மன், பாவெல் ஹாஸ், ஹான்ஸ் கிராசா, கிடியோன் கிளைன் ஆகிய நால்வரும் இங்கே அடைபட்டுக் கிடந்தபடி இசை எழுதினார்கள் என்பதே என்னை இந்த ஊருக்கு அழைத்துவந்தது.

மாக்டபுர்க் பாசறைக் கட்டடத்தில் இப்போது அந்த இசைக்கென ஒரு காட்சிக்கூடம் உள்ளது. கிராசாவின் சிறுவர் ஓபராவான 'புருண்டிபார்' 1943 செப்டம்பரில் முதன்முறையாக இந்நகரில் மேடையேறியதும் இதே கட்டடத்தில்தான். அடுத்த ஓராண்டில் அது ஐம்பது தடவைக்கு மேல் நிகழ்த்தப்பட்டது. பாடும் பிள்ளைகள் கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்பப்பட, அவர்கள் இடத்துக்குப் புதிய பிள்ளைகளைப் பழக்கவேண்டியிருந்தது.

இந்த இசையை இரக்கத்தோடு மட்டும் கேட்பது அதற்கு இழைக்கும் அநீதி என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உல்மன் முகாமுக்குள்ளேயே இருபத்தாறு இசை விமர்சனங்கள் எழுதியவர். கைதிகள் நடத்திய கச்சேரிகள் என்பதற்காக அவர் தம் அளவுகோலைத் தளர்த்தவில்லை. 1944 ஆகஸ்டில் முடித்த ஏழாம் பியானோ சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதியில், தம் ஆயுட்காலம்வரை நிகழ்த்தும் உரிமை தமக்கே என்று குறித்துவைத்தார். அதன் இறுதிப் பகுதியில் ஒரு எபிரேயப் பாடலின் மெட்டை எடுத்து, அதைப் பலவாறு மாற்றிக்கொண்டே போய், ஹூசைட் போராளிகளின் (பதினைந்தாம் நூற்றாண்டு செக் மதச் சீர்திருத்தப் படையினரின்) பழைய பாடலையும் லூத்தரன் தேவாலயப் பாடல் ஒன்றையும் அதனோடு பின்னுகிறார். அந்த இடத்தை நான் மதிலோரப் புல்தரையில் அமர்ந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தனை குரல்கள் சேர்ந்தும் ஒன்றுகூட மங்கவில்லை.

1944 அக்டோபர் 16 அன்று புறப்பட்ட ரயிலில் நால்வரும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ஏற்றப்பட்டனர். உல்மன், ஹாஸ், கிராசா மூவரும் உடனேயே கொல்லப்பட்டனர்; கிளைன் 1945 ஜனவரியில், இருபத்தைந்து வயதில், ஃபூர்ஸ்டென்குரூப முகாமில் இறந்தார். அந்த ரயிலுக்கு ஒன்பது நாள் முன்புதான் வயலின், வியோலா, செல்லோ மூன்றுக்குமான தம் படைப்பை அவர் முடித்திருந்தார். மொராவிய நாட்டுப்பாடல் ஒன்றை விரிக்கும் அதன் நடுப்பகுதியே மற்ற இரண்டு பகுதிகளையும்விட நீளமானது. அங்கே துயரம் இருக்கிறது, ஆனால் புலம்பல் இல்லை.

இவர்களை மறக்கவைத்தது காலம் அல்ல. இசையமைத்தவர்களோடு அதை வாசித்தவர்களும் கேட்டவர்களும் சேர்த்தே அழிக்கப்பட்டார்கள். எஞ்சியவை சிலரின் கைப்பொறுப்பால் பிழைத்தன. உல்மன் தம் பிரதிகளை முகாம் நூலகத்தின் பொறுப்பாளர் எமில் உடிட்சிடம் ஒப்படைத்தார். சாவே ஒரு பாத்திரமாக வந்து வேலைநிறுத்தம் செய்யும் அவருடைய 'அட்லாண்டிஸின் பேரரசன்' ஓபரா 1975-இல்தான் ஆம்ஸ்டர்டாமில் அரங்கேறியது. ஹாஸின் தந்தி வாத்தியக் குழுவுக்கான படைப்பை, உயிர் தப்பிய இசைக்குழு நடத்துநர் காரெல் ஆன்செர்ல் போருக்குப் பின் கண்டெடுத்துக் காப்பாற்றினார். கிளைன் கெட்டோவுக்கு வருமுன் எழுதியவை ஒரு பெட்டியில் பூட்டப்பட்டுக் கிடந்து, 1990-இல்தான் வெளிவந்தன.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஹாஸின் அந்தப் படைப்பையே முதலில் பரிந்துரைப்பேன். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அதில், செக் இசையமைப்பாளர் யானாசெக்கின் மாணவருக்கே உரிய துள்ளும் தாளத்தை முதல் அடிகளிலேயே கேட்கலாம்.