கையெழுத்து வைப்பதற்கு முன்

2025 மார்ச் 4, செவ்வாய்

என் கணவர், இவருடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது மூட்டோடு போய்விட்டன. நேற்றுப் பின்னேரம், கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் இவர் வேலை செய்யும் அச்சகத்தில், கடதாசி வெட்டும் கட்டிங் மெஷினில் நடந்தது. தேசிய வைத்தியசாலை விபத்துப் பிரிவில் இரவே சத்திரசிகிச்சை செய்தார்கள். விரல்களைத் திரும்பப் பொருத்த முடியாது என்று டொக்டர் நேராகவே சொல்லிவிட்டார்.

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். கூட வந்த பையன் வார்டில் பதியும்போது "வீட்டில கத்தி வெட்டினது" என்று சொல்லியிருக்கிறான். அது அவனுடைய சொந்தப் பேச்சாக இருக்காது, பாவம், யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இவர் அந்த வலியிலும் "இல்ல மிஸ், வேலைத்தலத்தில, மெஷின்" என்று திருத்தியிருக்கிறார். தாதி அப்படியே எழுதிக்கொண்டார். வைத்தியசாலைப் பொலிஸிலும் அதே விவரத்தோடு முறைப்பாடு பதிந்தாயிற்று.

மார்ச் 7, வெள்ளி

முதலாளி வந்தார். திராட்சை, அப்பிள், ஒரு என்வலப். கட்டிலருகே இருந்து உண்மையாகவே கண் கலங்கினார். அவர் கெட்ட மனிதர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்வலப்போடு ஒரு கடிதமும் இருந்தது, முழுவதும் சிங்களத்தில். "தங்கச்சி, இது சும்மா ஒபிஸ் பதிவுக்கு. அவருக்கு எழுத ஏலாதுதானே, இடது கைப் பெருவிரல வச்சாப் போதும்."

என் அண்ணா சிங்களம் நன்றாக வாசிப்பார். கடிதத்தை போனில் படமெடுத்து அனுப்பினேன். விபத்து இவருடைய கவனக்குறைவால் நடந்தது, 50,000 ரூபா பெற்றுக்கொண்டேன், இதன்பிறகு எந்தக் கோரிக்கையும் இல்லை. இவ்வளவுதான் அதில் இருந்தது. "வீட்டில பேசிட்டுச் சொல்றம் சேர்" என்று கடிதத்தையும் என்வலப்பையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. பழங்களை விட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 10, திங்கள்

நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் மேலே ஒரு ஐயா இருக்கிறார், தொழிற்சங்கத்தில் நீண்டகாலம் வேலை செய்தவர். இன்று அவரைப் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி ஆறும்வரை அவர் வாய் ஓயவில்லை. எனக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து காயம்பட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டியது தொழில்தருநர். அவர்மேல் பிழை இருக்கிறதென்று நாங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. தொழிலாளி கொஞ்சம் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் அதை மட்டும் சொல்லி உரிமையைத் தட்ட முடியாது. "அவன் கவனமில்லாம செய்தான் எண்டுதான் பிள்ளை எல்லா முதலாளியும் சொல்லுவினம். சட்டம் அதக் கேக்கிறதில்ல" என்றார் ஐயா.

விதிவிலக்கும் உண்டு. குடித்திருந்ததால் வந்த காயம், பாதுகாப்புக்காகக் கொடுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறியதால் வந்த காயம், பாதுகாப்பு உபகரணத்தைத் தெரிந்தே கழற்றியதால் வந்த காயம். கடைசியைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும். கை வெளியே இருந்தே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இடப்பக்கப் பொத்தான் பழுதாகி மாதக்கணக்கு. திருத்தாமல் வயரை நேரே இணைத்து, ஒற்றைப் பொத்தானிலேயே கத்தி இறங்க விட்டிருந்தார்கள். இணைத்தது எலக்ட்ரீஷியன், செய்யச் சொன்னது மனேஜர். இவர் இரண்டு முறை அதைப் பற்றி முறையிட்டிருக்கிறார், ஒருமுறை வாட்ஸ்அப் குரல் பதிவாகவே. அந்தப் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. கேட்டுவிட்டு ஐயா, "இத இப்பவே மூண்டு பேருக்கு அனுப்பி வை" என்றார்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான இயந்திரத்துக்குக் காப்பு வைப்பது தொழிற்சாலைக்காரரின் கடமை. பரிசோதனை செய்யப் பொறியியலாளர்களும் இருக்கிறார்கள். அந்தப் பொத்தானை இப்போது அவசரமாகத் திருத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பழைய வயரோடு மெஷின் இருந்த படம் கிடைத்தால் நல்லது.

மார்ச் 14, வெள்ளி

நேற்றுப் பௌர்ணமிப் போயா, இவர் வீட்டுக்கு வந்து முதல் விடுமுறை. சாப்பிடக் கரண்டியை இடது கையில் பிடித்தார். நான் ஊட்டிவிடவா என்று கேட்கவில்லை.

இன்று அச்சகத்திலிருந்து புதுக் கதை. இவர் அவர்களுடைய ஆளே இல்லையாம், கொந்தராத்துக்காரரின் ஆளாம். நியமனக் கடிதம் ஒருநாளும் தரவில்லை என்பது உண்மைதான். ஐயாவிடம் ஓடினேன். வாய்ப்பேச்சில் எடுத்த வேலையும் சட்டத்தில் ஒப்பந்தம்தான். கொந்தராத்து ஊடாக ஆளை எடுத்து, தங்கள் தொழிலின் வேலையையே செய்வித்தாலும், நட்டஈட்டை அந்தப் பிரதான நிறுவனத்திடம் கேட்கலாம். பிறகு அவர்கள் கொந்தராத்துக்காரரிடம் அறவிட்டுக்கொள்ளட்டும், அது எங்கள் தலைவலி இல்லை.

அலுமாரியைக் கிளறியதில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்குக் கூற்று அகப்பட்டது. தொழில்தருநர் இலக்கம் அச்சகத்துடையது! இவருடைய சம்பளத்தில் 8 வீதமும் அவர்களுடைய 12 வீதமும் அந்தப் பெயரில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு துண்டுக் கடதாசிக்காக நான் அழுதது இதுவே முதல்முறை.

மார்ச் 19, புதன்

படம் கிடைத்தது. யாரிடமிருந்து என்று இங்கே எழுதமாட்டேன். அந்த மனிதருக்கு இரண்டு பிள்ளைகள், அதே இடத்தில் இன்னும் வேலை செய்கிறார். பயந்து பயந்து அனுப்பினார். அவருக்கு என் கைகூப்பு.

மார்ச் 26, புதன்

லீவு போட்டுப் புதுக்கடைக்குப் போனேன். சட்ட உதவி ஆணைக்குழு அங்கே நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது, வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவது.

ஒரு கேள்வியை மனதில் வைத்துப் போனேன்: முதலாளிமேல் சிவில் வழக்குப் போட முடியாதா? அந்த வயரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. போடலாம், ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டுமாம். நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கேட்க முடியாது, ஆணையாளரிடம் கேட்டால் அதே காயத்துக்கு நீதிமன்றம் போக முடியாது. வழக்கில் கூடுதலாகக் கிடைக்கக்கூடும், ஆனால் அங்கே பிழையை நிரூபிக்க வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். இவரிடம் கேட்டேன். "பிள்ளைட ஸ்கூல் பீஸுக்கு வருஷக்கணக்கா காத்திருக்க ஏலுமா?" என்றார். சரி, ஆணையாளர்தான்.

முதலாளி நீட்டிய அந்தக் கடிதத்தைப் பற்றியும் கேட்டேன். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. இரு தரப்பும் ஒரு தொகைக்கு இணங்கினாலும் அந்த உடன்படிக்கை ஆணையாளரிடம் பதிவாக வேண்டும். அப்படியானால் பெருவிரல் வைத்திருந்தாலும் வழி இருந்திருக்கும். ஆனாலும் வைக்காமல் வந்ததில் எனக்கு ஆறுதல். "கவனக்குறைவு" என்று தானே ஒப்புக்கொண்ட கடிதத்தோடு எத்தனை பேர் வாய்மூடி வீட்டிலேயே இருந்துவிட்டார்களோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. தொழில் திணைக்களம் வேறு, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகம் வேறு. நிறையப் பேர் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கோர வேண்டும். எங்களுக்கு நேரம் தாராளம், ஆனால் சாட்சிகளுக்கு ஞாபகமும் துணிவும் அவ்வளவு காலம் நிற்காது.

கணக்கு இப்படிப் போகிறது. குணமாகும் காலத்தில் வேலைக்குப் போக முடியாததற்கு அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு, ஆகக்கூடியது 5 வருடம் வரை. நிரந்தர ஊனத்துக்கு ஒரே தடவையில் ஒரு தொகை. சட்டத்தின் அட்டவணையில் எந்த உறுப்புப் போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் இழப்பு என்று இருக்கிறது. அந்த வீதத்தையும் மாதச் சம்பளத்தையும் வைத்துத் தொகை வரும். உச்ச வரம்பு முன்பு 550,000 ரூபாவாக இருந்தது, 2022 திருத்தம் அதை 2,000,000 ஆக்கியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் அதே திருத்தத்தில்தான் உள்ளே வந்தது.

அட்டவணையில் விரலுக்கு வீதம் இருக்கிறது. கடதாசியைத் தடவிப் பார்த்தே எத்தனை கிராம் என்று சொல்லும் விரலுக்குத் தனி வீதம் இல்லை. இதை நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, ஆனால் விண்ணப்பத்தில் அதற்கு இடமில்லை.

ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதியம்) சபையிலும் நிரந்தர ஊனத்துக்கு ஒரு கொடுப்பனவு இருக்கிறது. அது இதிலிருந்து தனி, அதற்கும் படிவம் எடுத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

முதலாளியிடமிருந்து அழைப்பு. ஆணையாளர் அலுவலகக் கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது போல. இந்த முறை குரல் தணிந்திருந்தது. தொகையைக் கூட்டித் தருகிறேன், வீட்டுக்கு வந்து பேசி முடிப்போம் என்றார். "பேசலாம் சேர், ஆனா அங்க ஆணையாளருக்கு முன்னால பேசுவம், அங்கேயே பதிவோம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், எந்தத் திகதி என்று கேட்டார்.

விசாரணை அடுத்த மாதம். அதற்குள் கிளினிக்கில் மருத்துவ அறிக்கை வாங்க வேண்டும், சம்பளப் பற்றுச்சீட்டுகளைப் பிரதி எடுக்க வேண்டும். ஐயாவும் வருகிறேன் என்றிருக்கிறார். இவர் மேசையில் இருந்து இடது கையால் பெயர் எழுதிப் பழகுகிறார், அங்கே பெருவிரல் வைக்க மாட்டாராம்.