லெஃப்ளோரின் நிலத்தில்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டெல்டா என்று அழைக்கப்படும் பகுதிக்குள் வந்துவிட்டால் கிரீன்வுட் லெஃப்ளோரின் பெயரிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஊரின் பெயர் கிரீன்வுட், அது இருக்கும் கவுண்டி லெஃப்ளோர். இரண்டையும் சேர்த்து விமான நிலையத்துக்கும் வைத்துவிட்டார்கள். சாக்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தலைவர் ஒருவரின் பெயரை இத்தனை ஆசையாகச் சூட்டிக்கொண்ட மண்ணில் அவருடைய மக்கள் ஏன் தங்க முடியாமல் போனார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளவே இந்தப் பக்கம் வந்தேன்.

இந்தக் கதையைத் தேடிப் போகிறவர்கள் நாச்செஸ் ட்ரேஸ் பார்க்வேயில் தொடங்குவது நல்லது. லாரிகளுக்கு அனுமதியில்லாத, விளம்பரப் பலகை ஒன்றுகூட இல்லாத 444 மைல் சாலை அது. மணிக்கு 50 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பதால் இரண்டு பக்கக் காட்டையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே வரலாம். வழியில் வரும் ஃபிரெஞ்ச் கேம்ப் என்ற சிற்றூர், லெஃப்ளோரின் அப்பா லூயி நடத்திய வழிப்போக்கர் சத்திரத்தைச் சுற்றி முளைத்தது. லூயி பிரெஞ்சு கனடிய வியாபாரி. அம்மா ரெபேக்காவின் சாக்டா உறவுகள் வழியாகவே மகனுக்குத் தலைமை கிடைத்தது. லெஃப்ளோர் பயணம் செய்த குதிரை வண்டியை இங்கே ஒரு கொட்டகையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

1800இல் பிறந்த லெஃப்ளோர் சிறுவனாக நாஷ்வில்லுக்கு அனுப்பப்பட்டு, ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் தங்கிப் படித்தார். அந்த வீட்டுப் பெண்ணையே மணந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் சாக்டாக்களின் மேற்குப் பிரிவுக்குத் தலைவரானார். பழிக்குப் பழி கொல்லும் வழக்கத்தை ஒழித்தார், சாராயத்தைத் தடுத்தார், பள்ளிக்கூடங்களை வளர்த்தார். 1830இல் மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்துத் தன்னையே தலைவராக அறிவிக்கச் செய்தார். மற்ற இரு பிரிவுகளிலும் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம் சாக்டா ஆட்சியையே சட்டம் போட்டு ரத்து செய்தது. தலைவர் பதவி வகிப்பது தண்டனைக்குரிய குற்றமானது. மே மாதம் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பூர்வகுடிகளை மேற்கே அனுப்ப வழிசெய்யும் ‘இந்தியர் வெளியேற்றச் சட்ட’த்தில் கையெழுத்திட்டார். 1814 வாக்கில் இதே ஜாக்சனின் படைக்குத் தோள் கொடுத்தவர்கள் சாக்டாக்கள். நன்றிக்கெல்லாம் அங்கே விலையில்லை.

செப்டம்பரில் டான்சிங் ராபிட் கிரீக் என்ற ஓடைக்கரையில் பேச்சுவார்த்தை நடந்தது. இடம் நாக்சுபி கவுண்டியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அருகிலிருக்கும் மஷூலாவில் என்ற ஊரும் அன்று கையெழுத்திட்ட இன்னொரு தலைவரான முஷுலாதபியின் பெயரைத்தான் சுமக்கிறது. இந்த மாநிலத்தார் யாரை விரட்டினார்களோ அவர்கள் பெயரை ஊருக்கு வைக்கத் தயங்குவதில்லை. தார்ச்சாலை தீர்ந்து, பைன் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் போனால் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய இடமா இது என்று நம்பவே முடியவில்லை. ஓடை சேறும் சருகுமாகக் கிடந்தது. கொசு வேறு நிற்கவிடவில்லை.

அரசாங்கத்தின் சார்பில் வந்தவர்கள் போர்ச் செயலர் ஜான் ஈட்டனும் ஜான் காஃபியும். அறிவுரை சொல்லிக் கலைத்துவிடுவார்கள் என்று மிஷனரிகளை அந்தப் பக்கமே வரவிடவில்லை. சூதாட்டக்காரர்களுக்கும் சாராய வியாபாரிகளுக்கும் தடை எதுவும் இல்லை. பெரும்பாலான சாக்டாக்கள் நிலத்தைத் தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வீடு திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்களை ஈட்டன் மிரட்டினார். செப்டம்பர் 27 அன்று கையெழுத்தானது. மிசிசிப்பியில் சாக்டாக்களிடம் எஞ்சியிருந்த நிலம் முழுவதும், சுமார் 1.1 கோடி ஏக்கர், கைமாறியது.

லெஃப்ளோரைத் துரோகி என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலம் எப்படியும் போகப்போகிறது, கேட்டு வாங்க முடிந்ததையாவது வாங்குவோம் என்ற கணக்கு அவருடையது. இங்கேயே இருக்க விரும்பும் குடும்பத் தலைவருக்கு 640 ஏக்கர் என்ற 14ஆவது பிரிவு ஒப்பந்தத்தில் நுழைந்ததற்கு அவரே காரணம் என்பார்கள். படிக்க அழகான பிரிவு. ஆனால் ஆறு மாதத்துக்குள் வில்லியம் வார்ட் என்ற அரசு முகவரிடம் பெயர் பதிய வேண்டும். வார்ட் வந்தவர்களை விரட்டினார், மனுக்களை வாங்க மறுத்தார். கடைசியில் பதிவேட்டில் ஏறியவை வெறும் 69 குடும்பங்கள். தங்கிவிட்ட மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் சொந்த மண்ணிலேயே ஒண்டுக்குடியானார்கள்.

லெஃப்ளோருக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதே ஒப்பந்தத்தின் 15ஆவது பிரிவு அவருக்கும் மற்ற இரு தலைவர்களுக்கும் தலா நான்கு செக்‌ஷன், அதாவது 2,560 ஏக்கர், பெயர் சொல்லியே ஒதுக்கியிருந்தது. எனக்கு உறுத்துவது இதுதான். கையெழுத்தைக்கூட மன்னித்துவிடலாம்.

மக்கள் மன்னிக்கவில்லை. அவரைத் தலைமையிலிருந்து இறக்கிவிட்டு, அவருடைய சகோதரியின் மகன் ஜார்ஜ் ஹார்க்கின்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 1831 குளிர்காலத்தில் தொடங்கிய வெளியேற்றத்தில் ஹார்க்கின்ஸ் தன் மக்களோடு மேற்கே போனார். நம் குரலுக்கு இடமில்லாத சட்டங்களின் கீழ் தாழ்ந்து வாழ்வதைவிடத் துன்பப்பட்டாலும் சுதந்திரமாக இருப்பதையே தேர்ந்துகொண்டோம் என்று அமெரிக்க மக்களுக்குக் கடிதம் எழுதினார். மூன்று குளிர்காலங்களில் சுமார் 15,000 பேர் போனதாகவும், பனியிலும் காலராவிலும் 2,500 பேர்வரை இறந்ததாகவும் கணக்கு.

மாமன் இங்கேயே இருந்தார். மாநில சட்டமன்றத்துக்குப் போனார். 15,000 ஏக்கர் பருத்தி, 400 அடிமைகள். 1850களில் கரோல்டனுக்கு அருகே கட்டிய மாளிகைக்கு நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் வாழ்ந்த மால்மேசனின் பெயரை வைத்து, பாரிஸிலிருந்து நாற்காலிகளை வரவழைத்தார். அந்த மாளிகை 1942இல் எரிந்துபோனது. தப்பிய சில பொருள்கள் கிரீன்வுட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொன் முலாம் மினுக்குகிறது. அந்த நானூறு பேரின் பெயர்களைத் தேடினேன், கண்ணில் படவில்லை.

உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென்மாநிலங்களோடு சேர மறுத்தவர் லெஃப்ளோர். தன்னோடு ஒப்பந்தம் போட்ட அமெரிக்காவுக்கே விசுவாசமாக இருந்து 1865 ஆகஸ்டில் இறந்தார். அமெரிக்கக் கொடியில் சுற்றிப் புதைத்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் கொடியின் பெயரால்தான் அவருடைய சகோதரி மகன் ஹார்க்கின்ஸ் படகேற்றப்பட்டான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிரீன்வுட்டில் மதியச் சாப்பாட்டுக்கு டமாலே கிடைக்கும். மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சியை வைத்து, சோள மடலில் சுருட்டி வேகவைத்தது. மடலைப் பிரித்தால் சிவந்த எண்ணெய் விரலில் வழிகிறது. தயங்காமல் சாப்பிடலாம்.

அங்கிருந்து திரும்பி மிசிசிப்பியிலேயே இருக்கும் ஃபிலடெல்ஃபியா என்ற ஊர்ப்பக்கம் வந்தால், போகாமல் நின்றவர்களின் வாரிசுகளைப் பார்க்கலாம். மிசிசிப்பி சாக்டாக்களை மத்திய அரசு முறையாக அங்கீகரித்தது 1945இல்தான். அவர்கள் தாயாக மதிக்கும் நானி வையா மண்மேடு 2008இல் மாநிலத்தின் கையிலிருந்து அவர்களிடம் திரும்பியது. ஜூலையில் போகிறவர்கள் பேர்ல் ரிவரில் நடக்கும் சாக்டா திருவிழாவைத் தவறவிட வேண்டாம். இரண்டு கைகளிலும் மட்டை பிடித்து ஆடும் ஸ்டிக்பால் ஆட்டத்தில் தலைக்கவசம் கிடையாது. முன்வரிசையில் உட்காருகிறவர்கள் பந்தின் மேல் கண் வைத்திருப்பது நல்லது.